ஜவ்வாது மலையின் அடுப்பும் கூரையும்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் வீடுகளுக்குள் அரசு இரண்டு மாற்றங்களைத் தனித்தனியே கொண்டுபோகிறது. ஒன்று, விறகடுப்பு இருந்த இடத்தில் கேஸ் அடுப்பு. மற்றொன்று, மண்சுவரும் புல்கூரையும் இருந்த இடத்தில் கான்கிரீட் தளம் போட்ட வீடு. முதலாவதை எண்ணெய் நிறுவனங்கள் பார்த்துக்கொள்கின்றன, இரண்டாவதை ஊரக வளர்ச்சித் துறை பார்த்துக்கொள்கிறது. இரண்டுமே நல்ல நோக்கத்தில் செய்யப்படுபவை. இரண்டாலும் மக்களுக்கு நன்மை உண்டு. ஆனால் மலைவீட்டில் அடுப்பும் கூரையும் சேர்ந்தே வேலை செய்கின்றன. அதைக் கணக்கில் எடுக்காமல் ஒவ்வொன்றையும் தனியாக மாற்றியதால் இரண்டு திட்டங்களின் பலனும் பாதியில் நிற்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கரிமம் குறைந்த முறையில் வீட்டைச் சூடேற்றுவது பற்றி உலகில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஐரோப்பாவைச் சுற்றியே இருக்கிறது. அங்கே கேள்வி, எரிவாயுக் கொதிகலனை எடுத்துவிட்டு மின்சார வெப்ப ஏற்றியைப் பொருத்துவது எப்படி என்பது. நமக்கு அந்தக் கேள்வியும் பொருந்தாது, அதன் விடையும் பொருந்தாது. இந்தியா 2019-ல் குளிர்விப்புக்கென்றே தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. நம் சமவெளிக்கு அதுதான் தேவை. ஜவ்வாது மலையோ இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூரே கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதைவிட உயரத்திலும் ஊர்கள் உண்டு. சித்திரையில் பகல்வெயில் சுடும். மார்கழியிலும் தையிலும் இரவுக்குளிர் எலும்பைத் தொடும். அங்குள்ள வீடு வெயிலையும் தடுக்க வேண்டும், குளிரையும் தடுக்க வேண்டும்.

பழைய வீடு இரண்டையும் செய்தது. மூங்கில் தட்டியில் மண் பூசியோ, மண்ணையே தடிமனாக எழுப்பியோ செய்த சுவர் பகல் வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடும். கனமாக வேய்ந்த புல்கூரை காற்றைத் தன்னுள் அடக்கி வைத்திருப்பதால் வெப்பம் எளிதில் ஊடுருவாது. வீட்டுக்குள் எரியும் அடுப்பு ஒரே விறகில் பல வேலைகளை முடிக்கும். சாமைச் சோறு வேகும், குளிக்க வெந்நீர் காயும், படுக்கும் இடம் கதகதப்பாகும். மேலே பரணில் வைத்த விதைத் தானியம் ஈரம் வற்றி, பூச்சி அண்டாமல் இருக்கும். புகை ஏறிக் கறுத்த மூங்கிலையும் புல்லையும் பூச்சி எளிதில் அரிக்காது. கட்டுமானப் பொருள் எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கும். வீட்டின் ஆயுள் முடிந்தால் எல்லாம் மண்ணுக்கே திரும்பும். கட்டுமானத்தில் கரிம உமிழ்வைக் குறைக்க வேண்டும் என்று இன்று வல்லுநர்கள் வகுக்கும் விதிகளில் பெரும்பகுதியை அந்த வீடு முன்பே நிறைவேற்றியிருந்தது.

இதைச் சொல்லிவிட்டு அந்த வீட்டைப் போற்றிப் பாடினால் அது நேர்மையாகாது. அந்த வீட்டின் விலையைக் கொடுத்தவர்கள் பெண்களும் குழந்தைகளும். வீட்டுக்குள் எரியும் விறகின் புகை நுரையீரலையும் இதயத்தையும் கண்ணையும் கெடுக்கிறது. வீட்டுப்புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. தமிழகக் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் எவ்வளவு நுண்துகளைச் சுவாசிக்கிறார்கள் என்பதைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே அளந்து காட்டினார்கள். இதோடு விறகுச்சுமையும் சேர்கிறது. காட்டிலிருந்து தலைச்சுமையாக விறகு கொண்டுவரும் கழுத்தும் முதுகும் பெண்களுடையவையே. கூரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி வேய வேண்டும், மழையில் ஒழுகும், பாம்பும் தேளும் தங்கும். எல்லாவற்றுக்கும் மேல், தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் மாண்டதைத் தமிழ்நாடு மறக்க முடியாது. கூரை வீடே வேண்டாம் என்ற அரசின் பிடிவாதத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட துயரங்கள் இருக்கின்றன. அந்தப் பிடிவாதம் நியாயமானது.

இனி மாற்றங்களை எடைபோடுவோம். கேஸ் அடுப்பில் தமிழ்நாடு முன்னோடி. 2006-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட தி.மு.க. ஆட்சியிலேயே ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் இணைப்பும் அடுப்பும் வழங்கப்பட்டன. நாடு முழுவதற்குமான உஜ்வாலா திட்டம் 2016 மே 1-ல் தொடங்கி, 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகளை எட்டியது. இணைப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் இதற்கு ஈடான சாதனை குறைவு.

ஆனால் சிலிண்டர் வீட்டுக்குள் வந்துவிட்டது என்பதாலேயே விறகு வெளியேறிவிடவில்லை. உஜ்வாலா குடும்பம் ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக வாங்கிய 14.2 கிலோ சிலிண்டர்கள் 2019-20-ல் 3.01. மானியம் கூட்டப்பட்ட பிறகு, 2023-24-ல் அது 3.95. முழுச் சமையலையும் கேஸிலேயே செய்யும் குடும்பத்துக்கு இது போதாது. மீதியை விறகு நிரப்புகிறது. இது நாட்டுச் சராசரி. போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் மலையேறி வர வேண்டிய சிலிண்டருக்கு, சாலை எட்டாத குக்கிராமங்களில், விலையோடு சுமைகூலியும் ஒருநாள் வேலையிழப்பும் சேர்ந்துவிடும்.

மக்கள் பழக்கத்தை விடமாட்டார்கள் என்று இதற்குக் காரணம் சொல்வோர் உண்டு. தமிழ்நாட்டிலேயே அதற்கு மறுப்பு கிடைத்திருக்கிறது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. இந்தியப் பகுதி விழுப்புரம், நாகப்பட்டினம் வட்டாரங்களில் நடைபெற்றது. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும், 18 மாதத்துக்கான கேஸும் இலவசமாக வீடுதேடி வந்தன. அவர்கள் ஏறக்குறைய முழுவதுமாகக் கேஸுக்கே மாறினார்கள். சுவாசித்த நுண்துகளின் அளவு மற்றவர்களோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்காக இருந்தது. அதே ஆய்வு கசப்பான உண்மையையும் சொன்னது. 2022-ல் வெளியான முடிவின்படி, பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அடுப்பை மாற்றியதாலேயே எல்லா நலமும் வந்துவிடாது. ஆனால் மாற்றமுடியாத பழக்கம் என்று எதுவும் இல்லை. விலையும் தூரமும்தான் தடை.

மலையில் இன்னொரு தடையும் உண்டு. கேஸ் அடுப்பு சோறு வடிக்கும், வீட்டைச் சூடாக்காது. தவலை நிறைய வெந்நீர் காய்ச்சக் கேஸை யாரும் செலவழிக்க மாட்டார்கள். பரணில் இருக்கும் தானியத்தை அது உலர்த்தாது. பழைய அடுப்பு செய்த பல வேலைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை அனாதையாக விட்டுவிட்டோம். அந்த வேலைகளுக்காகவே விறகடுப்பு இன்னும் எரிகிறது.

இப்போது வீட்டுக்கு வருவோம். 2011-ல் முதல்வர் ஜெயலலிதா அறிவித்த சூரிய ஒளியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம், கட்டடத்தையும் எரிசக்தியையும் ஒரே திட்டத்தில் இணைத்த அரிய முயற்சி. 300 சதுர அடி வீடு, தொடக்கத்தில் 1.80 லட்சம் ரூபாய். அதில் 30,000 ரூபாய் ஐந்து சூரிய மின்விளக்குகளுக்கு. ஆண்டுக்கு 60,000 வீடுகள் இலக்கு. மழைநீர் சேகரிப்பும் சேர்ந்திருந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் படித்த குழந்தைகளுக்கு அந்த ஐந்து விளக்குகள் பெரிய வரம். ஆனால் சூரியனை விளக்கோடு நிறுத்திவிட்டார்கள். வீட்டின் தலைமேல் இருந்தது அதே கான்கிரீட் தளம்.

அதன்பிறகு வந்த திட்டங்களும் அந்தத் தளத்தையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் மத்திய-மாநிலப் பங்கான 1.20 லட்சத்தோடு, கான்கிரீட் கூரைக்கென்றே தமிழ்நாடு அரசு முதலில் 50,000 ரூபாயும் பின்னர் 1.20 லட்சமும் கூடுதலாகக் கொடுத்தது. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் 2030-க்குள் 8 லட்சம் வீடுகளைக் கட்டி, குடிசையில்லாத் தமிழ்நாட்டை உருவாக்க முனைகிறது; 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். ஏழையின் வீட்டுக்கு இவ்வளவு தாராளமாகச் சொந்தப் பணத்தைச் சேர்க்கும் மாநிலங்கள் குறைவு. ஒழுகாத கூரை, பூட்டக்கூடிய கதவு, தீப்பிடிக்காத சுவர், ஊராரிடையே கிடைக்கும் மதிப்பு: தளம் போட்ட வீடு தரும் இவற்றை நகரத்தில் தளத்துக்கடியில் வாழும் நாம் குறைத்துப் பேசுவது தகாது.

குறை எங்கே என்றால் வெப்பத்தில். மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் வழிகாட்டலில் 2018-ல் குடியிருப்புகளுக்கென்று ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பு வந்தது. கூரை வழியாக வெப்பம் கடக்கும் அளவு, ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 1.2 வாட்டைத் தாண்டக்கூடாது என்கிறது அது. மேலே எந்தக் காப்புமில்லாத வெறும் கான்கிரீட் தளம் ஏறத்தாழ இதைப்போல் மூன்று மடங்கு வெப்பத்தைக் கடத்தும். கோடையில் பகலெல்லாம் உறிஞ்சிய வெயிலை இரவில் உள்ளே இறக்கும். மார்கழியில் உள்ளிருக்கும் கதகதப்பை வானத்துக்கு விட்டுவிடும். ஆனால் அந்த விதித்தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்கானது. விதியின் பாதுகாப்பு வசதியுள்ளவர் வீட்டுக்கு. அரசே கட்டிக்கொடுக்கும் ஏழை வீட்டுக்கு இல்லை. தளம் போட்ட வீட்டுக்குப் பின்னால் கூரைச் சாய்ப்பு இறக்கி அங்கே விறகில் சமைப்பதைத் தமிழகக் கிராமங்கள் பலவற்றில் காணலாம். பழைய வீட்டின் ஒரு துண்டை மக்கள் விடாமல் வைத்திருப்பது, புதிய வீடு எதைச் செய்யத் தவறியது என்பதற்கான சான்று.

கரிமக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட் என்பது கொத்தனார்களின் தோராயம். 360 சதுர அடிக்கு 144 மூட்டை, அதாவது 7.2 டன். ஒரு டன் சிமெண்டுக்குச் சுமார் 0.6 டன் கரியமிலவாயு என்று வைத்தால் 4.3 டன். ஒரு குடும்பம் ஆண்டுக்கு 7 சிலிண்டர் எரித்தால் வெளியாவது சுமார் 0.3 டன். ஒரு வீட்டின் சிமெண்ட் மட்டுமே, அந்தக் குடும்பம் 14 ஆண்டுகள் கேஸில் சமைப்பதற்குச் சமம். கேஸ் புதைபடிவ எரிபொருள், அதை மலைக்கு ஏற்றக்கூடாது என்போர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். முழுதும் எரியாத விறகிலிருந்து வரும் கரித்துகளும் மீத்தேனும் புவியைச் சூடாக்குபவைதாம். பருவநிலையின் பெயரால் பழங்குடிப் பெண்ணின் கேஸைப் பறிக்க எந்த நியாயமும் இல்லை. குறைக்க வேண்டியது தளத்தின் சிமெண்டை.

அதற்கான தொழில்நுட்பம் நம் அருகிலேயே இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.கே.என். ரெட்டி 1974-ல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ குழு, கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்யும் சுடாத மண்கற்களை உருவாக்கிப் பரப்பியது. ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் அதே வகைக் கல்லில் மாடிக் கட்டடங்களையே எழுப்பிக் காட்டியது. தளத்தின் அடிப்பகுதியில் ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைக்கும் முறையைக் கேரளத்தில் லாரி பேக்கர் எளிய வீடுகளில் செய்து காட்டினார். மண்ணும் மூங்கிலும் கொண்ட வட்டாரத்துக்கேற்ற வீட்டு மாதிரிகளை மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே தொகுத்து வெளியிட்டிருக்கிறது. கையிலிருக்கும் அறிவு, பணம் ஒதுக்கும் அரசாணைக்குள் நுழையவில்லை என்பதே குறை.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 1980-களில் தொடங்கி 2002-ல் கைவிடப்பட்ட தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் சுமார் 3.5 கோடி புகையில்லா அடுப்புகள் கட்டியதாகக் கணக்குக் காட்டப்பட்டது. கட்டியதோடு வேலை முடிந்தது. புகைபோக்கி அடைத்தபோது சுத்தம் செய்ய ஆளில்லை, விரிசல் விட்டபோது பூச ஆளில்லை. அடுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. மண்கல் வீட்டையும் இப்படி இலக்குக் கணக்காக மலைமேல் இறக்கினால் அதே கதிதான் நேரும். உள்ளூர் இளைஞர்களுக்குக் கல் அறுக்கவும் கூரை பராமரிக்கவும் பயிற்சியும் கூலியும் கொடுத்தால்தான் அது நிலைக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. கேஸ் அடுப்பைக் கொடுத்தது சரி. சிலிண்டரை வாசலுக்குக் கொண்டுசேர்க்காதது தவறு. கூரை வீட்டை மாற்ற முனைந்தது சரி. ஒரே வகைத் தளத்தை மலைக்கும் சமவெளிக்கும் பொதுவாக்கியது தவறு. திருத்தம் பெரிய செலவுள்ளதும் அல்ல. கான்கிரீட் கூரைக்கான கூடுதல் தொகையை, தீப்பிடிக்காத, வெப்பம் தடுக்கும் எந்தக் கூரைக்கும் தரலாம். எந்தச் சுவர், எந்தக் கூரை என்பதைப் பயனாளியும் கிராம சபையும் தீர்மானிக்கட்டும். ஒவ்வொரு வீட்டு வரைபடத்திலும், வெந்நீருக்கும் குளிர்காயவும் புகைபோக்கி வைத்த ஓர் அடுப்புக்கு இடம் ஒதுக்கலாம். ஜமுனாமரத்தூரிலும் புதூர்நாட்டிலும் மகளிர் குழுக்கள் வழியாகச் சிலிண்டர் இருப்பு வைக்கலாம். நாளைக்கு 100 லிட்டர் கொள்ளளவுள்ள சூரிய வெந்நீர்க் கலன் ஆண்டுக்கு 1,500 யூனிட் வரை மின்சாரம் மிச்சப்படுத்தும் என்பது மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் கணக்கு. மலையில் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் எல்லாவற்றிலும் அதைப் பொருத்தலாம். மார்கழிக் காலையில் குழந்தைகள் வெந்நீரில் குளிக்கட்டும்.

2030-க்குள் கட்டப்பட வேண்டிய வீடுகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. ஒருமுறை போட்ட தளத்தோடு அந்தக் குடும்பம் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தாக வேண்டும். அடுத்த வீட்டுக்கான ஆணை வெளியாகும் முன், மலைக்கென்று தனி வரைபடத்தையும் தனி விதியையும் தமிழ்நாடு அரசு அதில் சேர்க்க வேண்டும்.