வாடையில் வரும் பறவைகளும் நம் இலக்கியமும்

தமிழ்க் கவிதையில் இன்று ‘பறவை’ என்ற சொல்லுக்குக் குறைவில்லை. விடுதலையா, பறவை, பிரிவா, பறவை, அகதியா, அதற்கும் பறவை. எந்தப் பறவை என்று கேட்டுவிட்டாலோ கவிஞர் விழிக்கிறார். காலின் நிறம் என்ன, எதைத் தின்னும், எந்த மாதத்தில் வரும் என்ற கேள்விகள் கவிதைக்குப் புறம்பானவை என்று அவர் கருதுகிறார். அவ்வாறு கருதுவது ஓர் இலக்கியக் குறைபாடு என்பதே நமது துணிபு. வல்வெட்டித்துறை போன்றதொரு கடற்கரையில் தமிழ் படிப்பிக்கும் நமக்கு இக்குறைபாடு மாரிகாலத்தில் சற்று உறைப்பாகவே தெரிகிறது.

ஐப்பசியில் சோளகம் அடங்கிக் காற்றுத் திரும்பியதும் வடக்கிலிருந்து கூட்டங்கள் இறங்கத் தொடங்கும். நம் கரைக்கு எதிரே, ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தொலைவில் கோடியக்கரை. மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் புறப்பட்டு இந்தியாவின் நீளமெல்லாம் கடந்து வரும் பறவைகளுக்கு அதன் பின் எஞ்சியிருப்பது இந்தக் கடல்துண்டுதான். ஈரமணலில் அலைக்கு முன்னும் பின்னும் ஓடும் சிற்றுள்ளான்கள், கல்லைப் புரட்டி இரை தேடும் கல்திருப்பி உள்ளான், வளைந்த நெடுமூக்குடைய கோட்டான், தொண்டைமானாற்றுக் கடனீரேரிப் பக்கம் ஊசிவால் வாத்து, தந்திக் கம்பிகளில் வரிசையிட்ட தகைவிலான், வீட்டுக் கோடியில் சருகு கிளறும் ஆறுமணிக்குருவி! இக்கடைசிப் பெயரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் கூவுவதால் வந்த பெயர் இது. ஆகவே, மணிக்கூடு நம் நாட்டுக்கு வந்த பின்னரே இப்பெயர் பிறந்திருக்க முடியும். வைத்தவர் எந்தப் புலவரும் அல்லர். விடியலில் வேலைக்குப் புறப்பட்ட யாரோ ஒருவர். மக்கள் பெயர் சூட்டுவதை நிறுத்திவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பழைய இலக்கியத்துக்கு வருவோம். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தற் பகுதியில் வெள்ளாங்குருகுக்கு ஒரு பத்தும் சிறுவெண்காக்கைக்கு ஒரு பத்தும் உள்ளன. அந்தச் சிறிய வெண்காக்கை புன்னைக் கிளையில் தங்குகிறது. கழியோரத்தில் அயிரை மீனை உண்கிறது. திவலையின் ஒலியில் உறங்குகிறது. ஒரு புள்ளின் தங்கலும் உணவும் உறக்கமும் இப்படிக் கண்முன் வந்துவிடுகின்றன. வகுப்பறையில் இதற்கு நேர்வதென்ன? ‘நெய்தலின் கருப்பொருள்: புள்; உள்ளுறை: தலைவனது செயல்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு மேலே செல்கிறோம். உள்ளுறை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பறவையைக் கண்டிராத மாணவனுக்கு உள்ளுறை எங்கிருந்து ஊறும்? பி. எல். சாமி 1976 இல் வெளியிட்ட ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ பாட்டையும் உயிரியலையும் அருகருகே வைத்துப் பார்த்த அரிய முயற்சி. அதன் முடிபுகள் சிலவற்றை மறுக்கலாம். ஆனால் மறுப்பதற்கும் ஒருவர் கடற்கரைக்குப் போயாக வேண்டும். அந்நூலின் பெரும் பயன் இதுவே என்போம்.

சத்திமுற்றப் புலவரின் செங்கால் நாரைப் பாட்டு பலருக்கும் மனப்பாடம். மதுரையில் போர்க்கத் துணியின்றி வாடையில் நடுங்கும் ஏழைப் புலவன், வறுமையில் காத்திருக்கும் மனைவிக்கு நாரையிடம் செய்தி சொல்லுகிறான். நாரையின் அலகுக்கு அவன் சொன்ன உவமை பிளந்த பனங்கிழங்கு. யாழ்ப்பாணத்து மாணவனுக்கு உரையாசிரியர் வேண்டாத உவமை இது. கிழங்கு கிண்டும் தைமாசியில்தான் வலசைப் பறவைகளும் நம்மிடையே இருக்கின்றன. செங்காலும் பவள நிறக் கூரிய அலகும் சேர்ந்தால், ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடுகட்டி மாரியில் தெற்கே வரும் வெண்ணிற நாரையே என்று கொள்வது பொருந்தும். ஈழத்துக்கு அது எப்போதாவது வரும் விருந்தாளி. பாட்டில் நாரை தென்குமரி சென்று, பின் வடக்கே திரும்புகிறது. போகும் திசையும் மீளும் திசையும் புலவனுக்குத் தெரிந்திருக்கின்றன. ஐரோப்பியரோ, தகைவிலான்கள் குளிர்காலத்தில் நீருக்கடியில் உறங்குவதாக நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1822 இல் ஜெர்மனியில் வீழ்த்தப்பட்ட இதே இன நாரையொன்றின் கழுத்தில் ஆபிரிக்க ஈட்டி ஒன்று செருகியிருக்கக் கண்ட பின்புதான் பலரது ஐயம் தீர்ந்தது. இதைச் சொல்லித் தமிழ்ப் பெருமை பேச நாம் வரவில்லை. அந்தக் கண்ணைப் பழக்கியது வறுமை. இரவெல்லாம் குளிரில் விழித்திருந்தவன் வானத்தைப் பார்த்தான். இப்பாட்டை வெறும் ‘தூது’ என்று வகைப்படுத்தி முடிக்கும் திறனாய்வு அதன் குளிரையும் தொலைத்துவிடுகிறது, பறவையையும் தொலைத்துவிடுகிறது.

இனி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எட்கார் லேயார்ட் பருத்தித்துறைப் பக்கத்தில் பறவைகளைச் சேகரித்தார். இராணுவ அதிகாரியாக வந்த வின்சென்ட் லெக் 1878 முதல் 1880 வரை இலங்கைப் பறவைகளின் வரலாற்றைப் பெருநூலாக வெளியிட்டார். கொழும்பு நூதனசாலையிற் பணிபுரிந்த ஜி. எம். ஹென்றியின் கையேடு 1955 இல் வந்தது. இவர்களின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நம் கல்லூரிகள் செய்யாத வேலையைச் செய்தவர்கள். நாட்டுப் பெயர்களையும் அவர்கள் குறித்து வைத்தார்கள். குறையுள்ள இடம் வேறு. பெயரைச் சொன்னவன் யார், எந்தத் துறையில் வலை இழுத்தவன், அந்தப் பறவையைப் பற்றி அவன் வேறு என்ன சொன்னான் என்பன அந்நூல்களில் இடம்பெறுவதில்லை. பெயர் மிஞ்சியது, சொன்னவன் மறைந்தான். ‘குதிரைமலைக் கோட்டான்’ என்ற பெயரைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் கிழக்குக் கரையிலுள்ள குதிரைமலை முனையின் பெயர் ஒரு கரைப்பறவைக்கு ஏன் ஏறியது? தோணியில் அம்முனையைக் கடந்து போனவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். நம் அகராதியை நம்பும் மாணவனோ கோட்டான் என்றால் ஆந்தை என்று எழுதி வைப்பான்.

போர்க்காலத்தைப் பற்றிப் பேசாமல் இப்பொருளை விட முடியாது. 1987 இல் வடமராட்சி மீது நடந்த படை நடவடிக்கையும், அதன் முன்னும் பின்னும் நிலவிய கடற்றடைகளும் பாதுகாப்பு வலயங்களும் 2009 வரையில் இக்கரையை மக்களிடமிருந்து பறித்தன. தொலைநோக்கியுடன் கரையில் நிற்பவனை எந்தச் சிப்பாய் பறவை பார்ப்பவன் என்று எண்ணியிருப்பான்? அக்காலத்தில் ஆய்வாளரும் வடக்கே எளிதில் வர முடியவில்லை. பறவைகள் மட்டும் ஆண்டுதோறும் வந்து போயின. கடலுக்கு நூறு யார் தொலைவில் பிறந்தும் கடலோரத்தில் நடந்தறியாத ஒரு தலைமுறை வளர்ந்தது. அத்தலைமுறையினர் சிலர் இன்று நம்முடன் ஆசிரியராக இருக்கின்றனர். அவர்களது கவிதையில் பறவை பெயரற்றுப் போனதற்கு அவர்களைக் குற்றம் சாட்ட நமக்கு மனம் வரவில்லை.

போர் முடிந்தபின் தெற்கிலிருந்து பறவை பார்ப்போர் வரலாயினர். வங்காலை 2008 இல் சரணாலயமாகி, 2010 இல் ராம்சார் ஈரநிலமாயிற்று. 1938 முதல் பறவைச் சரணாலயமாயிருந்த சுண்டிக்குளம் 2015 இல் தேசியப் பூங்காவாயிற்று. 2021 இல் மன்னாரில் கருவி பூட்டி விடப்பட்ட கடற்காக்கை ஒன்று வடருசியாவின் யமால் தீபகற்பம் வரை சென்று மீண்டும் மன்னாருக்கே வந்ததைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து கண்டனர். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும் எல்லைக்கல் நாட்டும்போதும் பட்டியல் தயாரிக்கும்போதும் கரையோரத்துத் தொழிலாளியின் அறிவு கேட்கப்படுகிறதா என்பது நமது வினா. ஆலாக்கள் திரண்டு விழுந்தெழும் இடத்தில் மீன்கூட்டம் உண்டென்று பார்த்துப் படகைத் திருப்புபவன் அவன். பறவை பார்த்தலை ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கொள்வோருக்கு முன்னரே அதைத் தொழிலாகக் கொண்டவன்.

நம் நவீன இலக்கியத்தில் இவ்வுறவை நெருங்கியது எது என்று தேடினால் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நினைவுக்கு வருகிறது. 1973 இல் வெளிவந்த அந்நாவல் 1978 இல் திரைப்படமுமாயிற்று. காற்றோடு நெடுந்தீவுக்குத் தொழிலாளர் வந்து வாடியமைப்பதும், பருவம் முடிய மீள்வதும் அதன் அச்சு. காதற் சிக்கலில் நமக்கு அவ்வளவு ஈடுபாடில்லை. அந்தப் பகுதியை இன்னும் சுருக்கியிருக்கலாம். ஆனால் புவியியல் படித்தவரின் கண் பருவத்தைக் கதையின் முதலாளியாக்கிவிடுகிறது. மனிதரும் வலசை போகிறவரே. அவரை நகர்த்துவது வயிறு என்பதை அந்நாவல் உரக்கச் சொல்லாமல் காட்டுகிறது. வல்வெட்டித்துறையின் கதை இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே இருக்கிறது. இங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. காற்றையும் வெள்ளியையும் படித்துக் கப்பலோட்டியவர்களுக்குக் கடற்பறவைகள் என்னென்ன சொல்லியிருக்கும்! அதை எழுதும் நாவலாசிரியர் நூலகத்தில் மாத்திரம் உட்கார்ந்திருக்க முடியாது.

தைப்பொங்கலன்று ஊரே கடற்கரையில் திரண்டு பட்டம் பார்க்கிறது. அன்று வானத்தில் புள்ளினத்துக்கு இடமில்லை என்று பறவை விரும்புவோர் முறையிடலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. கொக்குப் பட்டம் என்றும் பிராந்துப் பட்டம் என்றும் நம் பிள்ளைகள் வடிவத்தைப் பிரித்துக் கட்டுகிறார்கள். கொக்கின் கழுத்தும் பிராந்தின் சிறகும் வேறு என்பது ஈர்க்கு வளைக்கும் கைக்குத் தெரிகிறது. கவிதை எழுதும் கைக்குத் தெரியாமற் போவானேன்?

இவ்வாண்டு நம் மாணவர் சிலர் பெற்றோரிடமும் பாட்டன்மாரிடமும் கேட்டுப் பறவைப் பெயர்களைக் கொப்பியில் எழுதி வருகின்றனர். பெயர் சொன்னவர் யார், எந்தத் துறை, எந்த மாதம் என்பதையும் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறோம். ஆலாவுக்கும் உள்ளானுக்கும் மயிலிட்டியிலோ, பருத்தித்துறையிலோ, தீவகத்திலோ வேறு பெயர் வழங்குமாயின் வாசகர் எழுதியனுப்புவாராக.