மறைவுக்குப் பின் ஒரு பட்டம்

2023 மே மாதம், கேரளத்தின் கொட்டாரக்கரை அரசு மருத்துவமனையில், போலீசார் சிகிச்சைக்கு அழைத்து வந்த ஒருவர் இளம் ஹவுஸ் சர்ஜன் ஒருவரைக் குத்திக் கொன்றார். சில மாதங்களில் கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் கொல்லப்பட்டவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் வழங்கியது, ஆளுநர் கையிலிருந்து பெற்றோர் வாங்கிக்கொண்டார்கள். தேர்வுகளை முடித்து, பயிற்சிக்காலத்தில் இருந்தவர். இதில் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

கொல்கத்தாவின் கதை வேறு. விடுதலைப் போராட்ட வீராங்கனைகள் ப்ரீதிலதா வத்தேதாருக்கும் பீனா தாஸுக்கும் தகுதி இருந்தும் ஆங்கில அரசு பட்டத்தைத் தடுத்து வைத்தது. கல்கத்தா பல்கலைக்கழகம் 2012இல்தான், இருவரும் மறைந்து வெகுகாலம் கழித்து, சான்றிதழ் கொடுத்தது. அது சலுகையே அல்ல, பழைய பாக்கி.

சிக்கல் படிப்பு பாதியில் நின்றவர்களிடம்தான். 2007இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் வளாகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அப்படிக் கொல்லப்பட்ட மாணவர் அனைவருக்கும் அப்பல்கலைக்கழகம் பட்டம் அளித்தது; முதலாண்டு மாணவர்களும் அதில் அடக்கம். மற்றபடி, வெளிநாடுகளில் எழுதி வைத்திருக்கும் விதிகள் பெரும்பாலும் 'படிப்பின் பெரும்பகுதியை முடித்திருக்க வேண்டும்' என்கின்றன. பிரிட்டனில், நோயால் தேர்வெழுத முடியாதவருக்கு வகுப்பு குறிப்பிடாமல் பட்டம் தரும் 'ஈக்ரோட்டாட்' என்ற பழைய வழக்கமும் உண்டு.

படிக்காத பாடத்துக்குப் பட்டம் கொடுத்தால் பட்டத்தின் மதிப்பு போய்விடும் என்பார்கள். இந்த வாதம் எனக்குப் பலவீனமாகவே படுகிறது. அந்தச் சான்றிதழைக் காட்டி யாரும் வேலை கேட்கப் போவதில்லை; ஊசி போடப் போவதுமில்லை. ஆனாலும் பெரும்பகுதி முடித்திருக்க வேண்டும் என்ற வரம்பு வேண்டும் என்றே சொல்வேன். படிப்புக்குச் சாட்சி சொல்லும் தாளை அனுதாபக் கடிதமாக்கினால், கடைசி செமஸ்டர் வரை உழைத்தவரின் பட்டமும் இரக்கத்தில் கொடுத்ததாகிவிடும். தொடக்கத்திலேயே இறந்தவருக்கு நினைவுச் சான்றிதழ் போதும்.

பெரிய குறை இன்னொன்று. விதி இல்லாத இடத்தில் துணைவேந்தரின் மனமும் செய்தித்தாளின் தலைப்பும்தான் முடிவு செய்கின்றன. நாடே அழுத மரணத்துக்கு மேடையும் ஆளுநரும் கிடைக்கிறார்கள். டெங்குவில் போன பிள்ளை, பைக் விபத்தில் போன பிள்ளை, தற்கொலை செய்துகொண்ட பிள்ளை ஆகியோருக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு விழுவதோடு சரி. (கடைசியாகச் சொன்ன பிள்ளையின் பெயரை உச்சரிக்கவே பல நிர்வாகங்கள் தயங்கும்.) நாடே அழுத பிள்ளையும் இந்தப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில், ஒரேபோல அரியர் இல்லாத மதிப்பெண் பட்டியலோடு இருந்திருக்கலாம்.

எனவே இது இரக்கத்துக்கு விட்டுவிடும் காரியமல்ல. நம் பல்கலைக்கழகங்கள் விதிப்புத்தகத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கட்டும்: எவ்வளவு முடித்திருந்தால் பட்டம் என்பது தெளிவாக இருக்கட்டும், இறந்த காரணம் கேட்கப்படாதிருக்கட்டும். விண்ணப்பமும் பட்டமளிப்புக் கட்டணமும் நோ டியூஸ் சீட்டும் கேட்டுப் பெற்றோரை அலைக்கழிக்காமல், பதிவாளர் அலுவலகமே கோப்பைத் தொடங்கட்டும்.