பட்டத்தின் பெயர்

கீழ்வேளூர் வீட்டுப் பரணில் கிடந்த பழைய இசைத்தட்டில்தான் கலிப்சோவை முதலில் கேட்டேன். மைட்டி ஸ்பாரோ 1956இல் பாடிய 'ஜீன் அண்ட் டைனா': அமெரிக்கச் சிப்பாய்கள் டிரினிடாட் தீவை விட்டுப் போனதும் பாலியல் தொழிலாளிகளின் விலை இறங்கியதைக் கொண்டாடும் பாட்டு. மெட்டு ஆடச் சொல்கிறது, சொல் சுடுகிறது. இக்கலையின் பட்டமே 'கலிப்சோ அரசன்'தான்; 1978இல் கலிப்சோ ரோஸ் வென்றபோது பட்டத்தின் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. கலிப்சோவோடு இந்தியத் தாளமும் சேர்ந்து பிறந்தது சோகா. 1987இல் 'சட்னி சோகா' பாடிய துருபதி ராம்கூனாயை, இந்தியப் பெண் இப்படி மேடையேறுவதா என்று வைதவர்கள் அவர் சமூகத்தாரே. இங்கே எங்கள் நடவுப்பாட்டுக்காரிகளும் வரப்பில் நின்ற மிராசுதாரை நக்கலடித்தவர்கள்தாம். தொகுப்புகளைப் புரட்டுகிறேன்: பாட்டுக்குத் தலைப்பு உண்டு, ஊர் உண்டு, பாடியவள் பெயர் பெரும்பாலும் இல்லை.