ஏரி ஈரநிலம் ஆகாதோ?

1971-இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான ஈரநில உடன்படிக்கை, நீர் நிற்கும் இடங்களை இயற்கை, செயற்கை எனப் பிரிக்காது அரவணைக்கிறது. அதன் முதற் பிரிவின் அழகே அதுதான். 1982-இல் அதில் இணைந்த இந்தியா, 2017-இல் வகுத்த ஈரநில விதிகளிலோ, பாசனத்திற்கென மனிதர் அமைத்த நீர்நிலைகளை வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. திருச்சபைச் சட்டம் படித்துப் பழகிய கண்ணுக்கு, விதியைவிட விலக்கே முன்னதாகத் தென்படும். தமிழகத்து ஏரிகளில் பெரும்பாலானவை நம் முன்னோர் கரை கட்டித் தேக்கியவை அல்லவா? இவ்வரையறையைப் பாரிவாக்கத்துக் கரையில் நின்று வாசித்தால், கண்முன் விரியும் நீர்ப்பரப்பு ஈரநிலமே அன்று! இத்தனைக்கும் வேடந்தாங்கல் ஒரு பாசன ஏரியே. 2022-இல் அது ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. உலகுக்கு ஈரநிலமாகும் ஏரி, உள்நாட்டுச் சொற்களுக்குள் அடங்காது போனது எங்ஙனம்?