கடிதத்தில் எழுதாத இரவுகள்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றைத் தொடர்ச்சியாக வாசித்தால் ஒரு விடயம் கண்ணில் படும். பகல் நிறைய இருக்கிறது. விரிவுரை மண்டபம், அன்பான பேராசிரியர், முதற் பனி, பாதாள ரயில், அருங்காட்சியகம் எல்லாம் வந்துவிடுகின்றன. இரவு மட்டும் அபூர்வம். வந்தாலும் இரண்டே வகையில் வருகிறது: ஒன்று ஊரை நினைத்து அழுகிற இரவு, மற்றது கெட்டுப்போகிற இரவு. இருபது வயதில் வீட்டை விட்டுத் தனியே போன ஒருவர் மாலை ஆறு மணிக்குப் பிறகு யாரோடு இருந்தார், எதற்குப் பயந்தார், எதைக் கண்டு சிரித்தார் என்பதற்கு எமது எழுத்தில் சாட்சியம் மிகக் குறைவு.

நியூ ஜேர்சியிலும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் ரெக்ஸாசிலும் படித்து, அங்கேயே தங்கிவிட்ட எமக்கு இது வெறும் இலக்கியக் கேள்வி அல்ல. எமது பிள்ளைகள் இன்று அதே வளாகங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய இரவைப் பற்றிப் பேச எம்மிடம் இருப்பது ‘கவனம்’ என்ற ஒரேயொரு சொல்தான்.

இந்த மௌனத்துக்கு ஒரு மூலப்பிரதி உண்டு என்று கருதுகிறோம். அது காந்தியின் சுயசரிதை. ரா. வேங்கடராஜுலுவின் மொழிபெயர்ப்பில் ‘சத்திய சோதனை’ என்ற பெயரில் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்த நூல். 1888இல் இலண்டனுக்குச் சட்டம் படிக்கப் புறப்படுமுன் பேச்சர்ஜி சுவாமி என்ற சமணத் துறவியின் முன்னிலையில் காந்தி தாயாருக்காக மூன்று சத்தியங்கள் செய்தார். மதுவையும் மாதுவையும் மாமிசத்தையும் தொடுவதில்லை. அதன் பிறகு எமது கதைகளில் கடல் கடந்து படிக்கப் போன இளைஞர்கள் எத்தனை பேர் வாய்விட்டுச் சொல்லாமல் இதே மூன்று சத்தியங்களோடு போயிருக்கிறார்கள்! அந்நிய நகரம் அவர்களுக்கு ஒரு பரீட்சை மண்டபம். இரவு என்பது வினாத்தாள். சத்தியத்தைக் காத்தவன் நாயகன், தவறியவன் பாடம்.

ஆனால் காந்தியின் நூலைத் திரும்பவும் வாசித்துப் பாருங்கள். அதில் சத்தியம் மட்டும் இல்லை. இலண்டனில் அவர் நடனம் பழகப் போனார். ஒரு தவணைக்கு மூன்று பவுண் கட்டினார். பியானோவின் தாளம் பிடிபடவில்லை. தாளம் பழகுவதற்கென்று இன்னுமொரு மூன்று பவுணுக்கு வயலின் வாங்கினார். மேடைப் பேச்சுக்கும் ஆசிரியர் வைத்தார். 1890இல் போர்ட்ஸ்மத்தில் சைவ உணவாளர் மாநாட்டுக்குப் போனபோது, தங்கியிருந்த வீட்டில் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த சீட்டாட்டத்தில் பேச்சு எல்லை மீறியதையும், தானும் அதில் கலந்துகொண்டதையும், நண்பர் எச்சரித்ததும் எழுந்து ஓடியதையும் எழுதியிருக்கிறார். காசுக் கணக்கைப் போலவே இரவுக் கணக்கையும் மறைக்காமல் வைத்த மனிதர் அவர். எமது எழுத்து அவரிடமிருந்து சத்தியத்தை எடுத்துக்கொண்டது. கணக்கை விட்டுவிட்டது.

ஏன் விட்டுவிட்டது? வெளிநாட்டுப் படிப்புப் பற்றிய தமிழ் எழுத்து அடிப்படையில் வீட்டுக்கு எழுதும் கடிதம் என்பதுதான் காரணம். அச்சில் வந்த பிறகும் அதன் முதல் வாசகர் அம்மா. அவருக்குப் பின்னால் காணியை ஈடு வைத்த அப்பாவும், தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகு வைத்த அக்காவும் நிற்கிறார்கள். கடன்பட்டவன் பகலைத்தான் எழுத முடியும். ‘நூலகத்தில் இருந்தேன்’ என்று எழுதலாம். ‘நூலகத்திலிருந்து வரும் வழியில் ஒரு வீட்டில் பாட்டுக் கேட்டது, உள்ளே போனேன், விடியும்வரை இருந்தேன்’ என்று எழுத முடியாது. இது ஒழுக்கத்தைப் பற்றியதாகத் தெரிந்தாலும் உண்மையில் கடனைப் பற்றியது.

சுஜாதாவின் ‘பிரிவோம் சந்திப்போம்’ நாவலை இங்கே எடுத்துக்கொள்ளலாம். அதன் முதற் பாகம் பாபநாசத்தில் நடக்கிறது, இரண்டாம் பாகம் அமெரிக்காவுக்குப் போகிறது. காதலித்த மதுமிதா அமெரிக்க மாப்பிள்ளையைக் கட்டிப் போய்விட, ரகுபதியும் பிறகு அதே நாட்டுக்குப் படிக்கப் போகிறான். நகரத்தைக் காட்டுவதில் சுஜாதாவை மிஞ்சத் தமிழில் ஆள் குறைவு. ஆனால் அவருடைய அமெரிக்கா முதலில் ஒரு காட்சிப் பொருள். அதன் வெளிச்சங்கள் மதுமிதாவின் வெகுளித்தனத்துக்கு எதிர்த்தட்டில் வைக்கப்பட்டவை. பாபநாசத்தில் வாசகர் கால் நனைகிறது. அமெரிக்காவில் வாசகர் கார்க் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்க்கிறார்.

இந்த வரிசையை உடைத்த கதை அ. முத்துலிங்கத்தின் ‘அமெரிக்கக்காரி’. 2009இல் காலச்சுவடு வெளியிட்ட தொகுப்புக்கும் அதுவே பெயர். இலங்கையிலிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வந்த மதிக்குக் காதலர்கள் வருகிறார்கள், போகிறார்கள். அவள் இன்னும் இலங்கைக்காரியாக இருப்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. தமிழ்க் கதை மரபில் இப்படியொரு பெண்ணுக்கு இரண்டு முடிவுகள்தான் தயாராக இருக்கும்: ஊருக்குத் திரும்பிப் புத்தி வருவது அல்லது அழிந்துபோவது. முத்துலிங்கம் இரண்டையும் செய்யவில்லை. அவளைத் தண்டிக்கவும் இல்லை, புரட்சிப் பெண் என்று பட்டுச் சால்வை போர்த்தவும் இல்லை. ஊரில் இருக்கும் தாயோடு அவளுக்கிருக்கும் தொடர்பு கதை முழுவதும் அறுபடாமல் ஓடுகிறது. ஆனால் அந்தத் தாய் கண்காணிப்பாளர் அல்ல. எமது சங்கக் கூட்டங்களில் ‘இன்னாரின் மகள் இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு வெள்ளைப் பெடியனோடு நின்றாள்’ என்று காதோடு காதாகப் போகும் செய்தியை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று விளங்கும்.

இருந்தும் எமக்கு ஒரு குறை உண்டு. முத்துலிங்கத்தின் நகைச்சுவை எல்லாவற்றையும் இலேசாக்கிவிடுகிறது. வளாகத்தின் உழைப்புக்கும் தெருவின் பயத்துக்கும் அங்கே பெரிய இடம் இல்லை. அவை இரண்டும் இல்லாமல் எமது இரவு முழுமை பெறாது.

உழைப்பை முதலில் சொல்வோம். அமெரிக்காவில் மாணவர் விசாவில் இருப்பவர் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அந்த 20 மணித்தியாலம் பெரும்பாலும் இரவில்தான் அமையும். உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவுவது, கணினிக்கூடத்துக்குக் காவல் இருப்பது, நூலக மேசையில் புத்தகம் பதிவது. தட்டுக் கழுவும் இடத்தில் பக்கத்தில் நின்ற மெக்சிக்கோக்காரரிடமிருந்து எம்மில் பலர் ஸ்பானிய மொழியில் முதலில் கற்றது வசைச் சொற்கள். பிறகு அவருடைய பிள்ளைகளின் பெயர்கள். வேலை முடிந்து மிச்சமான கோழியைப் பகிர்ந்து சாப்பிட்ட அந்த நள்ளிரவுகளைப் போல ஒரு சமபந்தியை ஊரில் நாம் கண்டதில்லை. இது எந்தப் பயணக் கட்டுரையில் இருக்கிறது?

பிறகு கொண்டாட்டம். 1984ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு 21 வயதாகாதவர் மது வாங்க முடியாது. கலிபோர்னியாவிலும் ரெக்ஸாசிலும் இரவு இரண்டு மணியோடு விற்பனை நின்றுவிடும். ஆகவே மாணவர் கொண்டாட்டம் என்பது பெரும்பாலும் யாரோ ஒருவரின் வாடகை வீட்டில், கட்டில்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடப்பது. அங்கே ஒரு கோக் குவளையோடு மூலையில் நின்றவர்களை எமக்குத் தெரியும். ‘எங்கேயிருந்து வருகிறாய்?’ என்று யாரோ கேட்பார்கள். காதைப் பிளக்கும் பாட்டுக்கு நடுவே, ஒரு நாட்டையும் ஒரு யுத்தத்தையும் ஓர் இனத்தின் பெயரையும் இரண்டு நிமிடத்தில் கத்திச் சொல்ல வேண்டும். கேட்டவர் ‘நன்று’ என்று சொல்லிவிட்டு ஐஸ் எடுக்கப் போய்விடுவார். அந்த இரண்டு நிமிடத்தில் எமது அரசியல் முழுவதும் இருக்கிறது. மூன்று சத்தியங்களையும் காத்தவருக்கு அங்கே கிடைத்த பட்டம் சாரதி. குடிக்காதவர் என்பதால் எல்லோரையும் வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் பொறுப்பு. தூரங்கள் நீண்ட ரெக்ஸாசில் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு அதிகம்.

இனிப் பயம். 1987 செப்ரெம்பரில் நியூ ஜேர்சி ஹோபோகனில் நவ்ரோஸ் மோடி என்ற இந்தியர் ஓர் இரவு வெள்ளை நண்பரோடு தெருவில் வந்துகொண்டிருந்தார். இளைஞர் கும்பலொன்று அவரை அடித்துப் போட்டது. சில நாட்களில் இறந்தார். நண்பரை அவர்கள் தொடவில்லை. பக்கத்து ஜேர்சி சிற்றியில் பொட்டு வைத்தவர்களை விரட்டுவோம் என்று ஒரு கூட்டம் வெளிப்படையாகச் சொல்லித் திரிந்த காலம் அது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2017 பெப்ரவரி 22இல் கன்சாஸ் மாநிலம் ஒலேத்தாவில், வேலை முடிந்து நண்பரோடு ஒரு மதுக்கடை முற்றத்தில் இருந்த சிறீனிவாஸ் குச்சிபொட்லாவை ஒருவன் ‘என் நாட்டைவிட்டுப் போ’ என்று கத்தியபடி சுட்டுக் கொன்றான். சிறீனிவாஸ் ரெக்ஸாஸ் எல் பாசோவுக்கு மாணவராக வந்து இந்த நாட்டில் காலூன்றியவர். தடுக்கப் போன ஒரு வெள்ளையரும் காயப்பட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அம்மாமார் குடியைப் பற்றி எச்சரித்தார்கள். பெண்களைப் பற்றி எச்சரித்தார்கள். தெருவைப் பற்றி எச்சரிக்க அவர்களுக்குத் தெரியவில்லை. காரணம் அந்தத் தெருவைப் பற்றி நாம் அவர்களுக்கு எழுதவே இல்லை. எழுதினால் ‘திரும்பி வா’ என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தவர்களுக்குத் திரும்பிப் போக இடம் இருந்ததா?

எமது இரவு, சென்னையிலிருந்து வந்த நண்பரின் இரவிலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான். எமக்கு இரவு என்றால் ஊரடங்கு. நாய் குரைத்தால் விளக்கை அணைப்பது. 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் யாழ்ப்பாண நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிந்துபோனது. அந்த நகரத்திலிருந்து வந்த ஒரு மாணவர், பரீட்சைக் காலத்தில் இரவு முழுவதும் திறந்திருக்கும் ஒரு நூலகத்துக்குள் அதிகாலை இரண்டு மணிக்கு நுழைந்து, யாரும் அடையாள அட்டை கேட்டு முழங்காலில் இருத்தாமல், விரும்பிய நூலைக் கையில் எடுத்தார் என்றால், அதைவிடப் பெரிய இராக்கால சாகசம் எது? எந்த நடன மண்டபத்துக்கும் அது குறைந்ததல்ல. அங்கிருந்து நடுத்தெருவில் நடந்து, கையை வீசிக்கொண்டு, உரக்கப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போனதையும் அவர் கடிதத்தில் எழுதவில்லை. அதில் மறைக்க ஒரு பாவமும் இருக்கவில்லை. ஊரில் இருட்டுக்குள் இருப்பவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது என்று கூசியது.

ஆகவே எமது மௌனம் ஒற்றை மௌனம் அல்ல. அதில் கடன் இருக்கிறது, வெட்கம் இருக்கிறது, தப்பியவர் கூச்சம் இருக்கிறது. விமர்சகர்கள் இதையெல்லாம் ‘புலம்பெயர் ஏக்கம்’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். ஏக்கம் எழுதுவதற்கு இலகுவானது, வாசிப்பதற்கும் இதமானது. அது யாரையும் காட்டிக் கொடுக்காது.

கடிதத்துக்கு முதல் வாசகராக இருந்த அம்மாமாரில் பலர் இன்று இல்லை. காணி மீட்கப்பட்டிருக்கலாம், படையினரின் கையில் இருந்திருக்கலாம், விற்கப்பட்டிருக்கலாம். கடிதத்துக்குப் பதில் வட்ஸ்அப் வந்துவிட்டது. நூலகத்தில் இருந்தேன் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இனி எமக்கு இல்லை. தட்டுக் கழுவியதை, தாளம் தப்பி ஆடியதை, ஓடி ஒளிந்ததை, விடியும்வரை கதைத்திருந்ததை, கூடவே யாருடைய பெயரை மறந்தோம் என்பதையும் தேதியோடும் செலவோடும் எழுதலாம். புதிய வாசகர்கள் எமது பிள்ளைகள். சத்தியம் செய்து வாங்குவதற்காக அவர்கள் எம்மிடம் வரவில்லை. அவர்கள் கேட்பது கணக்கு.