என் கூடத்தை இரண்டாகப் பிரித்த சென்சார்

பெட்டிக்குள் சில சென்சார்கள், சில பல்புகள், ஒரு ஹப். சென்சார் ஆள் நடமாட்டத்தையும் வெளிச்சத்தையும் பார்க்கும், ஜிக்பீ என்ற ரேடியோ முறையில் பேசும், பட்டன் பேட்டரியில் ஓடும். இந்தச் சங்கதியெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். என்னை வாங்க வைத்தது பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருந்த வாக்குறுதிதான்: எந்தச் சென்சார் எந்த விளக்கோடு சேர வேண்டும் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், அதுவே குழு பிரித்துக்கொள்ளும். நிறுவனத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. தானாகக் குழு சேர்க்கும் எந்தப் பெட்டியை வாங்கினாலும் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்தான் கீழே வருபவை.

வடலூரில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், தாழ்வாரம், அடுப்படி, கொல்லை என்று ஒரே நேராகப் போகும். சுவர்கள் ஒன்றரை அடி கனம். ஆனால் நிலைகள் ஒன்றுக்கு நேர் ஒன்று. வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும்.

சென்சார் அறையைக் கண்டுபிடிக்கும் விதம் இது. ஒன்றின் சிக்னல் மற்றொன்றுக்கு எவ்வளவு பலமாக எட்டுகிறது என்று அளக்கிறது. பலமாக இருந்தால் பக்கத்தில் இருக்கிறது, பக்கத்தில் இருந்தால் ஒரே அறை. இந்தக் கணக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குப் பொருந்தும், எங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. திறந்த நிலை வழியாக அலை தாராளமாகப் போய்விடுகிறது. இரும்பு பீரோவைக் கண்டால் நின்றுவிடுகிறது. ஆக, ரேழியும் கூடமும் அடுப்படியும் ஒரே அறை என்று முடிவாயிற்று. கூடத்திலேயே பீரோவுக்கு அந்தப் பக்கம் இருந்த சென்சார் வேறு அறை ஆயிற்று. ராத்திரி ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் வாசல் வரை வீடே கல்யாண மண்டபம்.

இதைத் திருத்த இன்னொரு உபாயமும் உள்ளே இருக்கிறது. எந்தெந்தச் சென்சார்கள் அடுத்தடுத்து ஆளைப் பார்க்கின்றனவோ, அவற்றைச் சேர்த்துவைக்கும். அலுவலகத்தில் இது நியாயமான யோசனை. அங்கே ஆள் வந்து ஒரு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். எங்கள் வீட்டில் தெருவிலிருந்து நுழைகிற எவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கொல்லைக்குக் கால் கழுவப் போவார்கள். சில நொடிகளில் எல்லாச் சென்சாரும் வரிசையாக ஆளைப் பார்த்துவிடும். நீளமான ஒரே அறை என்ற அதன் எண்ணம் அதோடு உறுதிப்பட்டுவிட்டது.

தைப்பூசத்தில்தான் நாடகம் முற்றியது. 1872-இல் வள்ளலார் எங்கள் ஊரில் சத்திய ஞான சபையைத் தொடங்கிய நாளும் தைப்பூசம்தான். ஏழு திரை விலக்கிக் காட்டும் முதல் ஜோதி தரிசனம் காலை ஆறு மணிக்கு. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து உறவுகள் முதல் நாளே வந்து கூடத்தில் பாய் விரித்துவிடுவார்கள். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், கூடம் நிறைய ஆட்கள் இருந்தபோது, கரண்ட் போய் வந்தது. நெய்வேலி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, 1962 முதல் அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள்; ஆனாலும் மரக்கிளை கம்பியில் உரசினால் எங்களுக்கும் கரண்ட் போகத்தான் செய்யும். ஹப் உயிர் பெற்றதும் குழுக்களை முதலிலிருந்து பிரித்தது. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்; இந்த அலையை அது நன்றாகவே உறிஞ்சும். கூட்டத்துக்கு இந்தப் பக்கம் ஒரு அறை, அந்தப் பக்கம் ஒரு அறை என்று கூடம் இரண்டானது. ஒரு பாதி கொல்லைக் குளியலறையோடு சேர்ந்துகொண்டது. விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஒவ்வொருவராகக் குளிக்கப் போகப் போக, பாதிக் கூடத்தில் தூங்குகிறவர்களின் முகத்தில் வெளிச்சம். “குளிக்கப் போறதுக்கே ஜோதி தரிசனம் காட்டுதேடா உன் வீடு” என்றார் பெரியம்மா.

நான் பொறுக்கமாட்டாத குறை ஒன்று உண்டு. ஊகம் தப்பிப்போவதை மன்னிக்கலாம். ஆனால் ‘இந்தக் குழு சரி, இனித் தொடாதே’ என்று பூட்ட ஆப்பில் வழியே இல்லை. கையால் மாற்றலாம், அந்த மாற்றம் அடுத்த கரண்ட் வெட்டு வரைதான்.

இத்தனைக்கும் சரியான வழி அதே ஆப்புக்குள் இருக்கிறது. அமைப்புகளில் நாலு படி உள்ளே போனால் ‘ஒளிச் சோதனை’ என்று ஒன்று. இருட்டில் அதை ஓடவிட்டால் ஒவ்வொரு பல்பாக மினுக்கிக் காட்டும். எந்தச் சென்சாரின் கண்ணில் அந்த மினுக்கல் படுகிறதோ அதை அந்தப் பல்போடு சேர்க்கும். ரேடியோ அலைக்குத் தெரியாத சுவர் வெளிச்சத்துக்குத் தெரியும். பீரோவும் அதை ஏமாற்றவில்லை, ஏனென்றால் வெளிச்சம் கூரையில் பட்டுத் திரும்பி வருகிறது. திறந்த தாழ்வாரத்தில் மட்டும் தெருவிளக்கு கொஞ்சம் குழப்பியது. இப்படிப் பிரித்த குழுக்கள் ஏறக்குறைய நான் கையால் பிரித்திருக்கக்கூடியவைதான். இதை முதல் பக்கத்தில் வைக்காமல் ஏன் புதைத்தார்கள்?

குழு சரியாக அமைந்துவிட்டால் பொருள் அருமையாக வேலை செய்கிறது. ஜிக்பீயில் குழுவுக்கென்று தனி முகவரி உண்டு. ஒரே செய்தி போகும், கூடத்து விளக்குகள் எல்லாம் ஒரே கணத்தில் எரியும். மலிவான பெட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் விழிக்குமே, அந்த எரிச்சல் இங்கே இல்லை.

இந்த யோசனை பிறந்தது பெரிய கட்டடங்களுக்காக. ஆம்ஸ்டர்டாமின் ‘தி எட்ஜ்’ கட்டடத்தில் மட்டும் சுமார் 6,500 எல்இடி விளக்குகள், அவற்றில் ஏறத்தாழ 3,000 விளக்குகளில் சென்சார். இந்த அளவில், ஒவ்வொரு விளக்கின் கீழும் ஆள் நின்று எது எதோடு என்று பதிவு செய்தால் கூலி கட்டுபடியாகாது. அங்கே கூரை சமதளம், விளக்குகளுக்கு இடையே சம இடைவெளி, பீரோவும் பாயும் கிடையாது. வீட்டுக்கு வரும்போது பெரிய கம்பெனிகளே அடக்கி வாசிக்கின்றன. 2025-இல் பிலிப்ஸ் ஹியூ அறிவித்த ‘மோஷன்அவேர்’ பல்புகளுக்கிடையே ஓடும் ஜிக்பீ சிக்னலை வைத்தே நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கிறது. ஆனாலும் எந்த மூன்று நான்கு விளக்குகள் என்பதை வீட்டுக்காரரே தேர்ந்து கொடுக்க வேண்டும். வீட்டுக் கருவிகளை இயக்கும் ‘ஹோம் அசிஸ்டன்ட்’ மென்பொருளும் அப்படித்தான், எந்தப் பொருள் எந்த இடம் என்று நாமே எழுத வேண்டும். பல வருடமாக அதைப் பயன்படுத்துகிறவன் என்பதால் எனக்கு ஓரவஞ்சனை இருக்கலாம்.

வெயில் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ரகச் சென்சார் உடம்பின் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. கத்திரியில் ஓட்டு வீட்டுச் சுவர் உடம்புச் சூட்டை நெருங்கும்போது அதன் பார்வை மங்கும். எந்த பிராண்டாக இருந்தாலும் இந்தத் தொல்லை உண்டு.

கதவு சாத்திய தனித்தனி அறைகள் உள்ள புது வீட்டுக்காரர்கள் வாங்கலாம். பொருத்திய அன்றைக்கே, இருட்டியதும், ஒளிச் சோதனையை ஓட்டிவிடுங்கள். ஹப்புக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். பல்புகள் அணைந்து வந்தாலும் ஹப் அணையாவிட்டால் குழு கலைவதில்லை. நிலைகள் நேர் வரிசையில் உள்ள வீட்டுக்காரர்கள், குழுவைப் பூட்டும் வசதி வரும்வரை பணத்தைக் கையில் வைத்திருக்கலாம். எங்கள் ரேழிக்குச் சென்சார் உள்ளேயே இருக்கும் சாதாரண பல்பு ஒன்று மாட்டிவிட்டேன். அதற்கு ஆப் கிடையாது.