'அர்ரிஸாலா': திரைக்குப் பின்னால் எவர் முகம்?

முஸ்தஃபா அல்அக்காத் எடுத்தது ஒரு படமன்று, இரு படங்கள் என்பதை நம்மவருள் பலர் அறியார். சிரியாவின் ஹலப் நகரில் பிறந்து அமெரிக்காவில் திரைத்தொழில் பயின்ற அவர், நபி (ஸல்) அவர்களின் காலத்து வரலாற்றை ஒரே அரங்கில், ஆங்கில வடிவத்துக்கு ஒரு குழுவும் அரபு வடிவத்துக்கு வேறொரு குழுவுமாக நடிக்கவைத்துப் படமாக்கினார். 1976இல் அவை 'தி மெஸேஜ்' என்றும் 'அர்ரிஸாலா' என்றும் வெளிவந்தன. படம் உருவான விதத்தைக் கூறும் 'தி மேக்கிங் ஆஃப் அன் எபிக்' என்னும் ஆங்கில ஆவணப்படமும் அக்காலத்ததே. பின்னர் டிவிடியில் படத்தோடு இணைக்கப்பட்ட அதனைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

மொராக்கோவில் தொடங்கித் தடைப்பட்டு லிபியாவில் முடிந்த பெருமுயற்சி அது. அதன் உழைப்பைக் கண்முன் நிறுத்தும் அளவில் ஆவணம் பயனுள்ளதே. ஆயினும் அதன் எடை ஆங்கில வடிவத்தின் பக்கமே சாய்கிறது. ஹம்ஸா (ரலி) வேடத்தில் மெக்ஸிகோவில் பிறந்த அந்தனி குவின், ஹிந்த் வேடத்தில் கிரேக்க நடிகை ஐரீன் பபாஸ்: மேலைச் சந்தைக்கு இம்முகங்கள் வேண்டியிருந்தன என்பதை ஏற்கலாம். அதே வேடங்களை ஏற்ற எகிப்தின் அப்துல்லாஹ் கைதும் சிரியாவின் முனா வாஸிஃபும் நகல்களா? அரபு உரையாடலில் தவ்ஃபீக் அல்ஹகீமும் அப்துர் ரஹ்மான் அஷ்ஷர்க்காவியும் பங்கேற்றனர். நவீன அரபு இலக்கியத்தின் இவ்விரு பெரும் பெயர்களை அறிந்தவர், அரபு வடிவத்தைத் துணைப்பிரதியாகக் கருத மாட்டார்.

பிலால் (ரலி) வேடத்துக்கு இனப் பொருத்தம் ஆங்கிலத்திலும் பேணப்பட்டது. நடித்தவர் டாக்கரில் பிறந்த ஜானி ஸெக்கா. கறுப்பரைக் கறுப்பரே நடிக்க வேண்டும் என்று அன்றே உணர்ந்தவர்களுக்கு, குறைஷியரை அரபியர் நடிப்பது அத்துணை இன்றியமையாததாகத் தோன்றவில்லை.

இது நடிகர் பட்டியலைப் பற்றிய சிறு குறையன்று. நபி (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ படத்தில் இல்லை. நான்கு கலீஃபாக்களும் காட்டப்படவில்லை. அத்துணைப் பேணுதலுக்குப் பின்னரும், அந்தனி குவினே நபியாக நடிக்கிறார் என்னும் பொய்ச்செய்தி பரவியது. 1977 மார்ச்சில் வாஷிங்டனில் ஆயுதமேந்திய குழுவொன்று நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிணை பிடித்தபோது, படத்தைத் தடுக்க வேண்டும் என்பதும் அதன் கோரிக்கைகளுள் ஒன்று. அக்கொடுஞ்செயலுக்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் காட்டப்படாத ஒருவரைப் பற்றிய படத்திற்கு ஒரே நட்சத்திரத்தின் முகத்தை அடையாளமாக்கினால், அறியாதார் அம்முகத்தை எங்கே பொருத்துவர்?

மார்க்க நோக்கில் நம்மை உறுத்துவது வேறொன்று. நபி (ஸல்) அவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா நிற்கிறது. பாத்திரங்கள் அதை நோக்கிப் பேசுகின்றனர். அக்கணத்தில் பார்வையாளன் எவருடைய இடத்தில் அமர்த்தப்படுகிறான்? உருவம் வரையாமை வேறு, அவ்விடத்தைப் பிறருக்கு அளித்தல் வேறு. அஸ்ஹர் அறிஞர்கள் முதலில் இசைவளித்துப் பின்னர் விலகிக்கொண்டனர். உலமாக்களின் விவாதமோ பெரும்பாலும் ஸஹாபாக்களை நடிப்பது கூடுமா என்பதைச் சுற்றியே அமைந்தது. கேமராவின் நிலை பற்றிய இக்கேள்வி உரிய கவனம் பெறவில்லை என்பதே நம் கருத்து.

அக்காத் 2005இல் அம்மான் குண்டுவெடிப்பில் மகளுடன் உயிரிழந்தார். 2018இல் செப்பனிடப்பட்ட படம் சவுதித் திரையரங்குகளுக்கு வந்தபோது, அங்கே ஒலித்தது அப்துல்லாஹ் கைதின் அரபு.